பேர் வாங்காத பின்பால்கள்

பொம்மைக் கடைகளில் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் பேகடெல் பலகையைச் சாய்த்து வைத்திருப்பார்கள். மேல்பக்கம் வளைந்த மரப்பலகை, அரைவட்டமாக அடித்த ஆணிகள், எண் போட்ட வளைவுகள், வலது ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த தடி, நாலைந்து இரும்புக் குண்டுகள். தடியை இழுத்து விட்டால் குண்டு மேலே ஏறும், ஆணிகளில் முட்டி மோதி ஏதோ ஒரு இடத்தில் வந்து உட்காரும். விளையாட்டு அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் சலித்துவிடும். அதற்கு மேல் ஆட அதில் ஒன்றும் கிடையாது.

இந்தப் பலகைதான் வளர்ந்து பின்பால் ஆயிற்று. பாரிஸை ஒட்டிய பேகடெல் மாளிகையில் 1777-இல், பதினாறாம் லூயி மன்னரின் தம்பி வைத்த விருந்தில் இது அரங்கேறியதாகச் சொல்வார்கள். அப்போது அது பில்லியர்ட்ஸ் மேசையின் ஒல்லியான வடிவம். பந்தைக் குச்சியால்தான் தள்ளினார்கள். பிறகு கடல் கடந்து அமெரிக்கா போனது. 1871-இல் சின்சினாட்டி நகரில் மான்டேக் ரெட்கிரேவ் என்ற ஆங்கிலேயர் குச்சியை எடுத்துவிட்டு ஸ்பிரிங் தடியைப் பொருத்தினார், காப்புரிமையும் வாங்கினார். பந்து கோலியளவு ஆயிற்று, மேசை கடைக்காரரின் கல்லா மேலேயே வைக்கலாம் என்ற அளவுக்குச் சுருங்கியது. நம் பொம்மைக் கடைப் பலகை அந்த 1871-லேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் அது நிற்கவில்லை. 1931-இல், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரத்தில், சிகாகோவில் டேவிட் காட்லீப் 'பாஃபிள் பால்' என்ற மேசையை 17.50 டாலருக்கு விற்றார். ஒரு பென்னி போட்டால் சில பந்துகள் ஆடலாம். 50,000-க்கு மேல் விற்றது. அதை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ரேமண்ட் மலோனிக்குக் கேட்ட அளவு சரக்குக் கிடைக்கவில்லை. அவரே 'பாலிஹூ' என்று ஒன்றைச் செய்தார். அதிலிருந்து பாலி கம்பெனி பிறந்தது. பிறகு வில்லியம்ஸ் வந்தது. காட்லீப், பாலி, வில்லியம்ஸ். பின்பாலின் வரலாறு என்று எதை எடுத்தாலும் இந்த மூன்று பெயர்களைச் சுற்றித்தான் இருக்கும். மூன்றும் சிகாகோ. மூன்றும் அந்தப் பெருமைக்குத் தகுதியானவைதான். ஆனால் திருப்பம் வந்த பல இடங்களில் முதல் அடியை எடுத்து வைத்தது வேறு யாரோ. பாஃபிள் பாலுக்கு முன்பே ஓஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற ஊரில் ஆட்டோமேட்டிக் இண்டஸ்ட்ரீஸ் என்ற சிறு கம்பெனி 'விஃபிள்' என்ற காசு போடும் மேசையைச் செய்து விற்றிருக்கிறது. காசு வாங்கும் பலகை என்ற யோசனையில் காட்லீப் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தவர். அவருக்கு வாய்த்தது விலையும் வேகமும்.

மின்சாரம் உள்ளே வந்த கதையும் இப்படித்தான். அதுவரை இந்த மேசையில் ஓடியது புவியீர்ப்பு ஒன்றுதான். லாஸ் ஏஞ்சலஸில் பசிஃபிக் அம்யூஸ்மென்ட் என்ற கம்பெனி 1933-இல் 'கான்டாக்ட்' என்று ஒரு மேசையைக் கொண்டுவந்தது. அதில் உலர் பேட்டரி வைத்திருந்தார்கள். பந்து ஒரு குழியில் விழுந்தால் அங்கேயே முடங்காது. காந்தச் சுருள் ஒன்று அதை எட்டி உதைத்து வெளியே தள்ளும், கூடவே மணி அடிக்கும். விழுந்த பந்து திரும்ப எழுந்து வருவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வடிவமைத்தவர் ஹாரி வில்லியம்ஸ். மேசையை ஆட்டினால் ஆட்டம் முடிந்துவிடும் 'டில்ட்' ஏற்பாடும் அவர் கைவேலைதான். முதலில் ஒரு சிறு பீடத்தின் மேல் குண்டு ஒன்றை உட்கார வைத்தார். மேசையை உலுக்கினால் அது உருண்டு விழுந்து காட்டிக்கொடுக்கும். பிறகுதான் தொங்கும் ஊசல் வந்தது. பத்து வருடம் கழித்து அவர் தொடங்கியதுதான் வில்லியம்ஸ் கம்பெனி. பசிஃபிக் அம்யூஸ்மென்ட்டின் பெயரோ சேகரிப்பாளர்களுக்கு மட்டும் தெரிந்த பெயராகிவிட்டது.

அடுத்தது ஃபிளிப்பர். விண்டோஸ் எக்ஸ்பி இருந்த காலத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 'ஸ்பேஸ் கேடட்' ஆடியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இசட் விசைக்கு இடது மட்டை, சாய்கோட்டு விசைக்கு வலது மட்டை. கீழே இறங்கும் பந்தைத் தட்டி மேலே அனுப்பும் அந்த இரண்டு மட்டைகள்தான் ஃபிளிப்பர். அவை இல்லாமல் பின்பாலைக் கற்பனை செய்யவே முடியாது. ஆனால் 1947 வரை அவை இல்லை. ஆடுகிறவர் மேசையை இடுப்பால் இடித்து, உள்ளங்கையால் தட்டிப் பந்தை நகர்த்தப் பார்ப்பார், அதோடு சரி.

ஃபிளிப்பரைக் கண்டுபிடித்த பெருமை காட்லீப்புக்கே. 1947-இன் கடைசியில் ஹாரி மேப்ஸ் வடிவமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி'யில் ஆறு மட்டைகள், பக்கத்துக்கு மூன்றாக, மேலிருந்து கீழாக. மட்டைகளை இயக்கிய காந்தச் சுருள்கள், அதாவது காயில்கள், ஏசி மின்சாரத்தில் ஓடின; அவற்றுக்கு வலு இல்லை. ஒரு மட்டை தட்டினால் பந்து உச்சிக்குப் போகாது. அதனால்தான் கீழ் மட்டை நடுவுக்கும், நடு மட்டை மேலுக்குமாகப் பந்தைக் கைமாற்றிவிட வேண்டியிருந்தது.

அதே சிகாகோவில் ஜென்கோ என்ற கம்பெனி இருந்தது. கென்ஸ்பர்க் சகோதரர்களுடையது. அங்கே ஸ்டீவ் கோர்டெக் என்று ஒருவர். 1937-இல் தெருவில் நடந்து போகும்போது கொட்டும் மழையில் மாட்டி, ஒதுங்க ஒரு கட்டடத்துக்குள் நுழைந்திருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் வேலை தேடி வந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் அவர் பின்பால் மேசையைப் பார்த்ததுகூட இல்லை. மணிக்கு 45 சென்ட் கூலிக்கு சால்டரிங் வேலையில் சேர்ந்தார்.

பத்து வருடம் கழித்து, 1948 ஜனவரியில், அவர் வடிவமைத்த 'டிரிப்பிள் ஆக்‌ஷன்' தொழிற்காட்சிக்கு வந்தது. அதில் ஃபிளிப்பர்கள் இரண்டே இரண்டு. இரண்டும் அடியில். ஆறு காயிலுக்குப் பணம் கொட்டுவது கோர்டெக்குக்குப் பொறுக்கவில்லை. ஏசியை விட்டு டிசி மின்சாரம் கொடுத்தார். இழுவை கூடியது, அடியிலிருந்து தட்டினாலே பந்து உச்சிவரை போயிற்று. சிக்கனத்தில் பிறந்த யோசனை அது. அதன் பிறகு மட்டைகளின் முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பிவைக்கும் வழக்கம் அடுத்த சில வருடங்களில் நிலைத்தது. ஆக ஃபிளிப்பரைக் கொடுத்தது காட்லீப்பாக இருக்கலாம். அதன் இடத்தைக் காட்டியது ஜென்கோ. இன்றுவரை சிகாகோவில் செய்கிற புதிய மேசையிலும், எக்ஸ்பி கணினியின் இசட் விசையிலும் இருப்பது கோர்டெக்கின் கணக்குதான்.

ஆட்டப் பலகையைத் தூக்கி அடியில் பார்த்தால் இந்த மட்டையின் வேலை இன்னும் நன்றாகப் புரியும். பின்னாளில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அமைப்பு இது: ஒரு காயிலில் இரண்டு சுற்று இருக்கும், ஒன்று தடித்த கம்பி, இன்னொன்று மெல்லிய கம்பி. பொத்தானை அமுக்கியதும் தடித்த சுற்றில் மின்சாரம் பாய்ந்து இரும்புத் தண்டை ஒரே இழுப்பில் உள்ளே இழுக்கும், மட்டை எழும். எழுந்து முடிக்கும் இடத்தில் ஒரு சிறிய சுவிட்சைத் தள்ளிப் பிரிக்கும். அது பிரிந்ததும் மெல்லிய சுற்று மட்டும் வேலை செய்து மட்டையைத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சுவிட்ச் சரியாகப் பிரியாவிட்டால் தடித்த சுற்றிலேயே மின்சாரம் ஓடிக் காயில் கருகும். கருகல் வாசம் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. பிரியும் இடம் ஒரு மில்லிமீட்டர் முன்னே வந்தால் மட்டைக்கு வலு போய்விடும். பழைய மேசையைச் சரிபண்ணுகிறவர் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். 27 மில்லிமீட்டர் குறுக்களவு, 80 கிராம் எடை உள்ள ஒரு எஃகுக் குண்டின் தலைவிதி இந்தச் சுவிட்சின் கையில் இருக்கிறது.

ஜென்கோவின் பெயர் 1950-களின் முடிவுக்குள் மறைந்தது. கோர்டெக் 1960-இல் வில்லியம்ஸுக்குப் போனார். அங்கே 1962-இல் 'வாகபாண்ட்' மேசையில், அடித்தால் பலகைக்குள் இறங்கிவிடும் இலக்கைக் கொண்டுவந்தார். 2012-இல், நூறு வயதில் காலமானார்.

ஃபிளிப்பர் வருவதற்கு முன்பே பின்பால் சூதாட்டம் என்று பேர் எடுத்திருந்தது. நியூயார்க் மேயர் லா கார்டியா 1942-இல் தடை போட்டு, சம்மட்டியைத் தானே கையில் எடுத்து மேசைகளை உடைத்துப் படம் பிடித்துக்கொண்டார். தடை 1976 வரை நீடித்தது. இந்த மேசைகளை உலகத்துக்கெல்லாம் செய்து அனுப்பிய சிகாகோவிலும் 1970-களின் நடுப்பகுதிவரை ஆடத் தடை இருந்தது என்பது இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த கோணல். 1976-இல் நியூயார்க் நகரசபை விசாரணையில் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் மேசை முன் நின்று, பந்து எந்த வழியாக இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லித் தடியை இழுத்துவிட்டார். சொன்னபடியே இறங்கியது. இது திறமைதான் என்று சபை ஒப்புக்கொண்டது.

இந்தக் காட்சியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதன் பிறகு ஷார்ப் என்ன செய்தார் என்பதுதான் ரசிகர்கள் பேசுகிற விஷயம். மூன்று வருடம் கழித்து, 1979-இல், 'ஷார்ப்ஷூட்டர்' என்று ஒரு மேசையை வடிவமைத்தார். பெரிய மூன்றில் எதற்கும் அல்ல. கேம் பிளான் என்ற சின்னக் கம்பெனிக்கு. மதுக்கடையில் உட்கார்ந்து ஆடுகிற குட்டை மேசைகளைச் செய்து தொழிலுக்கு வந்த கம்பெனி அது. மேசையின் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் வரைந்த துப்பாக்கி வீரனுக்கும் ஷார்ப்பின் முகமே. மேசை மெதுவாகத்தான் ஆடும், ஒளியும் ஒலியும் எளிமை. ஆனால் எதை அடித்தால் என்ன கிடைக்கும் என்று முதல் ஆட்டத்திலேயே புரியும். அந்தத் தெளிவு இன்றைய பளபள மேசைகள் பலவற்றில் கிடையாது.

ரிலேயையும் சுழலும் எண் உருளையையும் எடுத்துவிட்டு மைக்ரோபிராசஸரைப் போட்டதிலும் பெரிய கம்பெனிகள் முந்தவில்லை. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிலிருந்து மிர்கோ கேம்ஸ் கொண்டுவந்த 'ஸ்பிரிட் ஆஃப் 76' தான் விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரானிக் பின்பால் என்று பெரும்பாலோர் கணக்கு. அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிய மேசை. ஆட்டமும் படமும் சுமார்தான். முதல் என்பதற்காக மட்டும் நினைவில் நிற்கிறது. வீடியோ கேமுக்குப் பேர்போன அட்டாரியும் சில வருடம் இதில் கை வைத்தது. 1976-இல் அகன்ற உடம்புள்ள 'அட்டாரியன்ஸ்', 1979-இல் 'ஹெர்குலிஸ்'. ஹெர்குலிஸ் ஒரு ராட்சசன்; பந்து பில்லியர்ட்ஸ் பந்தின் அளவு. பொழுதுபோக்குப் பூங்காக்களில் வைக்கத்தான் லாயக்கு. பந்து உருள்வதைப் பார்த்தால் அதற்கே அலுப்பு வந்துவிட்டதோ என்று தோன்றும். அதையும் தேடிப்போய் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடியபின் அப்பாடா என்பார்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே கதை இன்னும் சுவை. இத்தாலியில் பின்பால் காபி கடைக்குள் வாழ்ந்தது. 1960-களில் அங்கே வந்த கட்டுப்பாடுகளால், ஜெயித்தவருக்கு இலவச ஆட்டம் தருவது சூதாட்டமாகப் பார்க்கப்பட்டது. அதனால் சிகாகோக்காரர்கள் இத்தாலிக்கென்று தனி வகை செய்து அனுப்பினார்கள்: ஜெயித்தால் இலவச ஆட்டம் இல்லை, இதே ஆட்டத்தில் கூடுதலாக ஒரு பந்து. சட்டம் போட்ட வேலிக்குள் பிறந்த அந்த ஆட்டத்துக்கு ஒரு தனி விறுவிறுப்பு உண்டு. ஒரே காசில் எவ்வளவு நேரம் நின்று பிடிக்கிறாய் என்பதுதான் பந்தயம். இன்றும் சிலர் இந்த இத்தாலிய வகையைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

அந்தக் காபி கடைச் சந்தையிலிருந்து போலோன்யா நகரில் சக்காரியா கம்பெனி எழுந்தது. மரினோ, ஃபிராங்கோ, நத்தாலே என்று மூன்று சகோதரர்கள். 1974-இல் சொந்த மேசைகளைச் செய்யத் தொடங்கி, 1980-களில் அமெரிக்காவுக்கு வெளியே பின்பால் செய்தவர்களில் முன்வரிசைக்கு வந்தார்கள். சக்காரியா மேசையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலே சிகாகோச் சரக்கு இல்லை என்று தெரிந்துவிடும். வண்ணம் வேறு. 1983-இல் வந்த 'ஃபர்ஃபல்லா'வில் நீலமும் ஊதாவுமாக, இறகு விரித்த வண்ணத்துப்பூச்சிப் பெண். அதே காலத்துச் சிகாகோ மேசைகளில் வாள் பிடித்த வீரனும் அவன் காலடியில் அரைகுறை உடையில் ஒரு பெண்ணும் இருப்பார்கள். இங்கே பெண்தான் கதாநாயகி. ஃபர்ஃபல்லாவின் இசைக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. அதே வருடம் வந்த 'டைம் மெஷின்', அதற்கு முந்தைய 'பின்பால் சாம்ப்' இவையும் அதே வரிசையில் வைக்க வேண்டியவை.

உள்ளேயும் சக்காரியா தனிப் பாதை. பாலியும் வில்லியம்ஸும் மோட்டரோலாவின் 6800 குடும்பச் சில்லை நம்பியபோது, இவர்கள் சிக்னெட்டிக்ஸ் 2650 என்ற சில்லைப் போட்டார்கள். அப்போது அது சாதாரண வியாபார முடிவாக இருந்திருக்கும். இன்றைக்கு அதன் விலையை ரசிகர்கள் கொடுக்கிறார்கள். பாலியின் சர்க்யூட் போர்டைப் பழுதுபார்க்க அமெரிக்காவில் ஆயிரம் பேர் இருப்பார்கள். 2650 தெரிந்தவரை விரல்விட்டு எண்ணலாம்.

ஸ்பெயினில் பிளேமேட்டிக், இன்டர், ரெசெல், பெட்டாகோ, சோனிக் என்று ஒரு படையே இருந்தது. பிரேசிலில் நடந்தது இன்னும் வேடிக்கை. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்ததால் தைத்தோ டோ பிரேசில் என்ற கம்பெனி அமெரிக்க மேசைகளைப் பார்த்து அப்படியே செய்து, படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றியது. பாலியின் 'பிளேபாய்' மேசை அங்கே 'ஓபா ஓபா' ஆகி சம்பா நடனக்காரிகளோடு வந்தது. வில்லியம்ஸின் 'பிளாக் நைட்', 'கவலேரோ நெக்ரோ' ஆயிற்று. திருட்டுத்தான்; மறுக்கவில்லை. ஆனால் 'ஓபா ஓபா'வின் கண்ணாடிப் படம் மூலத்தைவிடக் கலகலப்பு. நகல் எடுக்கப் போனவர்களின் கையில் ஊர் வாசனை தானாக ஒட்டிக்கொண்டது.

கடைசியாக ஒரு பிறக்காத பிள்ளை. ஜப்பானின் கேப்காம் 1990-களின் நடுவில் சிகாகோவை ஒட்டிய ஆர்லிங்டன் ஹைட்ஸில் பின்பால் பிரிவு தொடங்கியது. 'பின்பால் மேஜிக்', 'ஏர்போர்ன்', 'பிரேக்‌ஷாட்' என்று சில வந்தன. அடுத்து 1996-இல் 'பிக் பேங் பார்': விண்வெளியில் ஒரு மதுக்கூடம், வேற்றுக்கிரகக் குடிகாரர்கள், குழாய்க்குள் ஆடும் நடனக்காரி. வடிவமைத்தவர் ராப் மாரிசன், படம் ஸ்டான் ஃபுகுவோகா. 14 மாதிரிகள் செய்த நிலையில் கேப்காம் கடையை மூடிவிட்டது. அந்த 14-உம் கைமாறிக் கைமாறி, ஆடிப்பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டே மற்றவர்களுக்கு ஆசை ஏறிற்று. பத்து வருடம் கழித்து, இல்லினாய் மாநிலத்தில் பின்பால் உதிரிபாகம் விற்கும் ஒருவர் உரிமையை வாங்கி, ஆளுக்கு 4,500 டாலர் என்று பேசி மறுபடி செய்தார். 2007-இல் இருநூறுக்குச் சற்றுக் குறைவான மேசைகள் வீடு வந்து சேர்ந்தன. கம்பெனி கைவிட்ட ஒன்றை ரசிகர்கள் காசு கொடுத்துப் பிறக்கவைத்தது பின்பாலில் அதற்கு முன் நடக்கவில்லை. ஆட்டமும் அந்தக் காத்திருப்புக்குத் தகுந்ததே. ஆனால் வெறும் 14 மட்டும் இருந்தபோது அதற்கு இருந்த மவுசு பாதி குறைந்துவிட்டது என்று முணுமுணுக்கும் சேகரிப்பாளர்களும் உண்டு. அவர்களுக்குப் பின்பாலைவிடப் பூட்டிவைப்பது பிடிக்கும் போலிருக்கிறது.

பேர் வாங்காத மேசையை வைத்திருப்பது சுலபமான காரியம் அல்ல. 1970-களின் கடைசியில் வந்த போர்டுகள் பலவற்றில் மதிப்பெண்ணை நினைவில் வைக்க ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சால்டர் பண்ணியிருப்பார்கள். வருடக்கணக்கில் கிடந்தால் அது கசிந்து, செம்புக் கோடுகள் பச்சை பூத்து அரித்துவிடும். கசிவைக் கண்டவர் முதலில் பேட்டரியை வெட்டி எடுப்பார். காரம் படிந்த இடத்தை வினிகர் கலந்த நீரால் துடைப்பார், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார், அரிபட்ட கோடுகளுக்கு மெல்லிய கம்பி இழுத்துப் பற்றவைப்பார். வில்லியம்ஸ் மேசையாக இருந்தால் இவ்வளவு எதற்கு? புதுப் போர்டே வாங்கிப் போட்டுவிடலாம். பிளேமேட்டிக்குக்கோ கேம் பிளானுக்கோ அந்த வசதி குறைவு. மங்கிய சர்க்யூட் வரைபடத்தை ஒருவர் ஸ்கேன் பண்ணி அனுப்ப, இன்னொருவர் உடைந்த பிளாஸ்டிக் துண்டை அளந்து முப்பரிமாண அச்சில் எடுத்துத் தர, மூன்றாமவர் உரிந்த கண்ணாடிப் படத்தின் பின்புறம் வண்ணம் தொட்டுச் சேர்க்க, அப்படித்தான் ஒரு மேசை மறுபடி விளக்கெரிகிறது. கலிஃபோர்னியாவின் அலமீடாவிலும் ஹங்கேரியின் புடாபெஸ்டிலும் பின்பால் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைக்காமல் ஆடவே விடுகிறார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேஜிக் பிக்சல் என்ற நிறுவனம் சக்காரியா மேசைகளைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும்படி செய்து வெளியிட்டிருக்கிறது. ஃபர்ஃபல்லாவும் டைம் மெஷினும் அதில் உண்டு. ஃபர்ஃபல்லாவில் தொடங்குவது நல்லது. இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்காதீர்கள், நடுவில் வழி திறந்துகொள்ளும். பந்து இறங்கி வரும் பக்கத்து மட்டையை மட்டும் தூக்கிப் பிடித்து, அதன் மடக்கில் பந்தை நிற்கவையுங்கள். நின்ற பிறகு மெல்ல விட்டு, எங்கே அடிப்பது என்று முடிவு பண்ணிக்கொள்ளலாம், அவசரமே இல்லை.